மீசை தெரிந்த மறுநாள்

ஜனவரி 9

என் மருமகளுக்கு அத்தை எழுதுவது.

இங்கே எல்லாம் சுமார். படி ஏறினால் முழங்கால் முனகுகிறது, நானும் சேர்ந்து முனகுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆஸ்பத்திரிக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு நீ பட்டினியா?

நீ போனில் கூப்பிட்டதாகப் பக்கத்து வீட்டு டிராக்டர்காரர் வந்து சொன்னார். இனி அந்தப் பாடே வேண்டாம். இடது காது முன்பே போயிற்று, இப்போது வலதும் கையை விரித்துவிட்டது. நீ பேசுவது தகர டப்பாவில் கல்லை உருட்டுவதுபோலக் கேட்கிறது. நான் "என்னது, என்னது"ன்னு கத்த, அக்கம்பக்கம் என்னவோ ஏதோ என்று ஓடி வருகிறது. கடிதம் எழுது. கண்ணாவது மிச்சம் இருக்கிறது.

இந்த முறை பாதி நிலத்தில் பேபி கார்ன் விதைத்திருக்கிறேன். பேபியாம் பேபி! நம் மக்காச்சோளம்தான். மணி பிடிக்கும் முன்னாலேயே, விரல் கனத்தில் கதிரை ஒடித்துவிட வேண்டும். நாம் மூன்று பேருமாக ஒரு முறை போட்டோமே, அதற்குப் பிறகு இப்போதுதான். இரண்டு மாதத்தில் நிலம் காலியாகிவிடும், தட்டை மாட்டுக்கு ஆகும். ஒரு சந்தேகம். சர்க்கரை வியாதிக்காரி இதைத் தின்னலாமா? உங்கள் டயட் மேடத்தைக் கேட்டு எழுது. ஒரு கிழவியின் ஆசைதானே என்று விட்டுவிடாதே.

என் பிள்ளையைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. தெரிந்தால் அடுத்த நிமிஷம் உனக்குச் சொல்வேன் என்று அன்றைக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. வயிற்றை வாட்டாதே.

அத்தை

ஜனவரி 21

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தலைவலி இல்லை, காய்ச்சல் இல்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

மேடத்தைக் கேட்டேன். நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம். முற்றின சோளத்தில்தான் மாவும் இனிப்பும் அதிகம். பேபி கார்னில் மணியே பிடிப்பதில்லை, அதனால் அதெல்லாம் சேர்வதற்கு நேரமில்லை. பெரும்பாலும் தண்ணீர், மிச்சம் நார்ச்சத்து. கொஞ்சம் வைட்டமின்கள், ஃபோலிக் அமிலம். வயிறு நிறையும், சர்க்கரை அவ்வளவாக ஏறாது. டப்பாவில் வருவதில் உப்பு அதிகம் என்று எங்கள் சமையலறையில் இரண்டு தடவை கழுவுவோம். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பறித்த அன்றே சாப்பிடுங்கள்.

இங்கே சொல்ல ஒன்றும் இல்லை. காலை ஐந்து மணிக்கு அடுப்பு. உப்பில்லாத தட்டுக்குப் பச்சை மூடி, சர்க்கரைக்காரர்களுக்கு நீல மூடி, கரைத்துக் குடிப்பவர்களுக்கு வெள்ளை. கை தானாக மூடியை எடுக்கிறது. வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்கிறார்கள், தங்க ஓர் அறையும் தருவார்களாம். ஜூலைக்குள் சொல்ல வேண்டும். நீங்கள் கூப்பிட்டபடி உங்களோடு வந்து இருந்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். அந்த வீட்டில் அவர் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருஷம் முன்னால் இன்னொருத்தியோடு போனவரைப் பற்றி எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் மருமகள்

பிப்ரவரி 26

என் மருமகளுக்கு,

நீ சொன்ன ஒத்தடம் கேட்கிறது. கால் இப்போது முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. உனக்கு உடம்பு எப்படி? 'நன்றாகத்தான்' என்று எழுதுகிறாயே, அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே இடுப்பை நிமிர்த்த நேரமில்லை. செடி ஆள் உயரம் வந்துவிட்டது. உச்சியில் ஆண் பூ தலையை நீட்டியதும் பிடுங்கிவிட வேண்டும். விட்டால் மகரந்தம் கொட்டி, கதிரில் மணி பிடித்து, வாங்குகிறவன் மூக்கைச் சுளிப்பான். அப்புறம் கதிர் நுனியில் பட்டு நூலாக வருமே, நான் அதை மீசை என்பேன். பொம்பளைப் பூவுக்கு மீசையாம் என்று டிராக்டர்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், எனக்கே இரண்டு முடி இருக்கிறது. மீசை தெரிந்த மறுநாள் ஒடித்துவிட வேண்டும். இன்னும் ஒரு நாள் விட்டாலே போச்சு, கட்டை. சமைந்த பெண்ணைக்கூட வீட்டில் வைத்திருக்கலாம், இதை வைத்திருக்க முடியாது.

தினம் ஐந்தாறு சாப்பிடுகிறேன். சர்க்கரையும் அடங்கியிருக்கிறது. உங்கள் மேடத்துக்குக் கோடி நமஸ்காரம்.

யோசிக்கிறேன், யோசிக்கிறேன் என்று எழுதாதே. வா. பின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஜன்னலுக்குக் கம்பிவலை போட்டாயிற்று. இந்த வீட்டில் அவன் செருப்புகூட இல்லை. நீயும் நானும் சண்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

அத்தை

மார்ச் 8

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே சுகம். உங்களுக்குச் சர்க்கரை அடங்கியதைப் படித்தேன். நல்லது.

ஜூன் மாதம் வருகிறேன். இங்கே சொல்லிவிட்டேன். அவர்கள் யோசித்துக்கொள்ளச் சொல்லி ஜூலை வரைக்கும் அந்த இடத்தை வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் பதினாலாம் கட்டில்காரம்மா இறந்துவிட்டார்கள். ஆறு வாரம் வெள்ளை மூடித் தட்டு நான்தான் போட்டேன். அன்றைக்கும் தட்டு மேலே போய், திறக்காமல் கீழே வந்தது. கழுவி அடுக்கினேன். கூட வேலை செய்கிற அக்கா அழுதாள். "உனக்கு ஒண்ணும் தோணலையா?"ன்னு கேட்டாள். தோணவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். மரத்துப்போன கையைக் கிள்ளிப் பார்ப்பதுபோல என்னையே கிள்ளிப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை.

பின் அறை போதும் எனக்கு. சண்டை போடவும் வரும் என்று நினைக்கிறேன்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 19

என் மருமகளுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலை. நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் விதைப்பு போட்டேன், நன்றாக வந்திருக்கிறது. மழையும் உண்டு. மாடு கன்று ஈன்றிருக்கிறது. டிராக்டர்காரர் பல் கட்டிக்கொண்டார், இப்போது சிரிப்பை நிறுத்துவதே இல்லை.

ஜூன் மாதம் வருகிறேன் என்றாயே. கொஞ்சம் தள்ளிப் போடு. பின் அறைக் கூரை ஒழுகுகிறது, ஆள் பிடித்துச் சரி செய்ய வேண்டும். மற்றபடி ஒன்றுமில்லை.

வேலைக்கு ஓர் ஆள் வந்து சேர்ந்திருக்கிறான். பாவம், ஈரல் கெட்டுப்போன ஆள். குடி. வயிறு வீங்கி, கை கால் குச்சியாகி வந்தான். பெரிய வேலை ஒன்றும் முடியாது. ஆண் பூ மட்டும் பிடுங்குகிறான், அதிலும் பாதி வரிசையில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறான். எங்கே விட்டோம் என்று தெரிய, பிடுங்கின பூ ஒன்றை அந்த வரிசையின் வரப்பில் குத்தி வைத்துவிட்டுப் போகிறான். சிரிப்புத்தான்.

அவனுக்கு என்ன கொடுக்கலாம்? நிலத்தில் இருக்கிறதே என்று மூன்று வேளையும் பேபி கார்னையே வேக வைத்துக் கொடுக்கிறேன். எனக்கு அத்தனை நல்லது என்று எழுதினாயே. ஆனாலும் ஆள் தேறவில்லை. மேடத்தைக் கேட்டு விவரமாக எழுது. சும்மா, ஒரு பாவத்துக்குக் கேட்கிறேன்.

அத்தை

ஏப்ரல் 29

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

மேடத்தைக் கேட்டேன். உங்களுக்கு எது நல்லதோ அதுதான் அந்த வேலையாளுக்குப் போதாது. பேபி கார்னில் வயிறு நிறையும், உடம்பு தேறாது. அதில் மாவும் குறைவு, புரதமும் குறைவு. இளைத்துப்போன ஆள் அதையே தின்றால், பசி அடங்கி, சாப்பிட வேண்டியதைச் சாப்பிடாமல் விட்டுவிடுவார். ஓரத்தில் நாலு துண்டு வைத்தால் போதும். முட்டை, பருப்பு, குழைய வெந்த சோறு கொடுங்கள். மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். படுக்கப் போகும் முன் கட்டாயம் ஏதாவது கொடுக்க வேண்டும், இரவெல்லாம் வெறும் வயிறாக இருக்கக் கூடாது. வயிற்றில் நீர் கோத்திருந்தால் உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய் வேண்டாம். குடி ஒரு சொட்டுக்கூடக் கூடாது. பார்க்கிற டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். நான் சமையல்காரி.

உப்பில்லாமல் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிப்பார். எலுமிச்சை பிழியுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். வேலையாள் எந்த அறையில் படுக்கிறார்?

உங்கள் மருமகள்

மே 14

என் மருமகளுக்கு,

சுகம். நீ சுகமா?

நீ எழுதியபடி ஆறு வேளை ஆக்கினேன். எலுமிச்சை பிழிந்ததும் சத்தமில்லாமல் சாப்பிடுகிறான். முகத்தில் கொஞ்சம் தெளிவு. எனக்குத்தான் அடுப்படியை விட்டு நகர முடியவில்லை.

நிலத்தில் ஒரு கூத்து. வேலையாளுக்கு நடுவில் மூச்சுத் திணறிப்போய், ஆஸ்பத்திரியில் சேர்த்து, வயிற்று நீரை எடுத்தார்கள். நான் கூடவே இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கிழக்குப் பக்கம் முழுக்க மீசை கருத்துத் தொங்குகிறது. ஒன்றும் ஒடிக்கவில்லை. விரல் கனம் இருக்க வேண்டியது கைப்பிடி கனம். வாங்குகிறவன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது பேபி இல்ல, பாட்டி"ன்னு சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாடு தின்றது. கன்றுக்குப் பால் நிறைய. இதற்கெல்லாம் அழுதால் ஆகுமா?

மழை விட்டுவிட்டது. டிராக்டர்காரர் உன்னை விசாரித்தார்.

அத்தை

மே 23

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கன்று, பால், மழை, டிராக்டர்காரர் எல்லாம் இருந்தது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை.

பூசி மெழுக வேண்டாம் அத்தை. அவர் அங்கே இருக்கிறார். பின் அறையில் இருக்கிறார்.

நாம் மூன்று பேருமாகப் போட்ட அந்த முறை, வரிசை பாதியில் நின்றால் ஆண் பூவைப் பிடுங்கி வரப்பில் குத்திவிட்டு அவர் காபி குடிக்கப் போவார். "கொடி நட்டுட்டு வந்துட்டான் ராஜா"ன்னு நீங்கள் கேலி செய்வீர்கள். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. போன மாதக் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்துதான் எலுமிச்சை என்று எழுதினேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

அவர் வந்தது எனக்குப் பெரிதாக இல்லை. நீங்கள் மறைத்தீர்கள். வாக்கு கொடுத்திருந்தீர்கள். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலை ஐந்து மணிக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். நீல மூடி போட வேண்டிய தட்டுக்குப் பச்சை மூடி போட்டுவிட்டேன். மேடம் பார்த்துவிட்டு மாற்றினார்கள். இங்கே வந்த பிறகு நான் செய்த முதல் தப்பு அது.

ஜூன் மாதம் வரவில்லை. நிரந்தர வேலைக்குச் சரி என்று சொல்லிவிடப் போகிறேன்.

வயிற்று நீர் எடுத்திருந்தால் முட்டையைக் குறைக்காதீர்கள்.

உங்கள் மருமகள்

ஜூன் 7

என் தாயே,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நீ எழுதினதெல்லாம் உண்மை. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் வாசலில் வந்து நின்றான். யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்துச் சில்லறை எடுக்க உள்ளே போனேன். பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டாளாம். "அவளுக்குச் சொல்லாதம்மா"ன்னு கெஞ்சினான். அவன் கெஞ்சியதற்காக நான் மறைக்கவில்லை. சொன்னால் நீ வரமாட்டாய். அதற்காகத்தான் மறைத்தேன். கொஞ்ச நாள் சோறு போட்டு, ஆளைத் தேற்றி அனுப்பிவிட்டு, உன்னைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். தேறுகிற மாதிரி இல்லை. நான் போட்ட கணக்கைப் பார், இரண்டு பக்கமும் ஓட்டை.

உனக்குத் தெரிந்துவிட்டது என்றதும், உனக்கு எழுதுகிறேன் என்றான். பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டேன். உன் கையால் ஆக்கின சோறு மாதிரிதான் ஆறு வேளையும் அவன் வயிற்றில் போகிறது, அதற்கு மேல் உன்னிடம் கேட்க அவனுக்கு என்ன இருக்கிறது?

ஒரு வார்த்தை எழுது. அனுப்பு என்றால் அனுப்பிவிடுகிறேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறேன். நெஞ்சு வெடித்தாலும் செய்வேன். உன்னை விட முடியாது என்னால்.

அத்தை

ஜூன் 20

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். இது வெறும் வார்த்தைக்காக எழுதியதில்லை, போன வாரம் சாப்பாடு இறங்கியது.

அவரை எங்கேயும் அனுப்ப வேண்டாம். அனுப்பிவிட்டு வந்து நீங்கள் என்னோடு என்ன சண்டை போடுவீர்கள்? வாயே திறக்க மாட்டீர்கள்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. அறை கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் மாடி, ஆனால் லிஃப்ட் உண்டு, உங்கள் முழங்கால் முனக வேண்டியதில்லை. ஒரு ஜன்னல், ஒரு அலமாரி, கேஸ் அடுப்பு. இரண்டு கட்டில் போட இடமிருக்கிறது. கீழே காது டாக்டர் இருக்கிறார், அவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். நான் அங்கே வர முடியாது. நீங்கள் இங்கே வாருங்கள். அந்த வீட்டை அவருக்கு விட்டுவிட்டு வந்துவிடுங்கள். மகனுக்குத் தாயாக இருந்தது போதும், கொஞ்ச நாள் எனக்கு இருங்கள்.

இதை எழுதி எழுதி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

உங்கள் மருமகள்

ஜூலை 6

என் கண்ணே,

கடிதத்தை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். அவிழ்ப்பதும் படிப்பதும் முடிவதுமாக முனையே கிழிந்துவிட்டது.

மறுபடியும் நீர் கோத்துவிட்டது. டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். அந்த டாக்டர் யாரையும் உட்காரச் சொன்னதே கிடையாது.

இப்போது விட்டுவிட்டு வர முடியாது. அவனால் தட்டைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை, நான்தான் ஊட்டுகிறேன். சரி, அவன் காலம் முடிந்த பிறகு வருகிறேன் என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதினால், ஒவ்வொரு வாய் ஊட்டும்போதும் எனக்கு உன் அறை ஞாபகம் வரும். பிள்ளை எப்போது போவான், நான் எப்போது பஸ் ஏறுவேன் என்று காத்திருக்கிற தாயாகிவிடுவேன். நேற்றுக்கூட வந்தது அந்த நினைப்பு. ஸ்பூன் கையில் இருக்கும்போதே வந்தது. சீ என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதனால் வரவில்லை என்றே எழுதிவிடுகிறேன். எனக்காக இடம் வைக்காதே. அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

நிலத்தில் இந்த முறை எதுவும் போடவில்லை.

அத்தை

ஜூலை 15

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நீங்கள் சாப்பிட்டீர்களா என்று இப்போதெல்லாம் எழுதுவதே இல்லை. எழுதுங்கள்.

அவருக்கு இப்போது வெள்ளை மூடிச் சாப்பாடுதான் சரிப்படும். பருப்பையும் சோற்றையும் சேர்த்துக் குழைத்து வடிகட்டுங்கள். முட்டையின் வெள்ளையை அடித்துச் சூப்பில் ஊற்றுங்கள், திரிந்தால் பரவாயில்லை. தலையணையை உயர்த்தி வைத்து, சின்ன ஸ்பூனால் கொடுங்கள். விழுங்கின பிறகுதான் அடுத்த ஸ்பூன். வாயை மூடிக்கொண்டால் திட்டாமல் பத்து நிமிஷம் விட்டுவிட்டுத் திரும்பக் கேளுங்கள். எங்கள் சமையலறையில் இப்படிச் செய்து, மாதக்கணக்கில் இருந்தவர்கள் உண்டு. வருஷக்கணக்கிலும் உண்டு. உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் டிராக்டர்காரரின் மனைவியைக் கேளுங்கள், உங்களால் தனியாகத் தூக்கிப் புரட்ட முடியாது.

கட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். மெத்தைக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு அதன்மேல் துணி மடித்து வைக்கிறேன்.

ஒன்றும் அவசரமில்லை அத்தை. அவரை நன்றாகச் சாப்பிட வையுங்கள்.

உங்கள் மருமகள்